ஊரிலிருந்து திரும்பினால் சீலிங் விழுந்து கிடக்கிறது: அமெரிக்காவில் தண்ணீர் சேதத்துக்கு வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: டல்லாஸ் பக்கம் சொந்த வீடு. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மூன்று வாரம் மதுரைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், மாடியில் டாய்லெட் தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாய் உடைந்திருக்கிறது. கீழே ஹால் சீலிங் விழுந்து கிடக்கிறது, மரத்தளம் புடைத்துவிட்டது, ஒரே பூஞ்சை வாடை. கிளெய்ம் போடலாமா? வீட்டில் ஆள் இல்லாததைக் காட்டி மறுத்துவிடுவார்களா? போட்டால் பிரீமியம் ஏறுமா?

போடுங்கள். இதற்குத் தயங்கவே வேண்டாம். டெக்சஸில் வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் சொல்வது மாதிரி இழப்புக்காகத்தான் இங்கே வீட்டு பாலிசியே எடுக்கிறோம். குழாயிலிருந்தோ வாஷிங் மெஷினிலிருந்தோ தண்ணீர் திடீரென்று, எதிர்பாராமல் வெளியேறி வீட்டைக் கெடுத்தால், சொந்த வீட்டுக்கு இங்கே வழக்கமாக எடுக்கும் ஹெச்.ஓ.-3 (HO-3) என்ற பாலிசி அதற்குப் பணம் தரும். தண்ணீர் கிளெய்ம்கள் மறுக்கப்படும்போது நான் திரும்பத் திரும்பப் பார்த்த காரணம் ஒன்று உண்டு. சேதம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த நாளிலிருந்து வந்தது என்று காட்ட வீட்டுக்காரர் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த ஆதாரமெல்லாம் முதல் இரண்டு மூன்று நாளிலேயே சுத்தம் செய்கிறேன் என்று குப்பைக்குப் போயிருக்கும். அதனால் இந்தப் பதிலில் முதல் சில நாட்களைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் வீட்டுக்குள் வரும் மெயின் வால்வை மூடுங்கள். மின்சார பேனல் இருக்கும் இடமும் அங்கே போகும் வழியும் காய்ந்திருந்தால் மட்டும், நனைந்த பகுதிக்கான பிரேக்கர்களை அணையுங்கள். வழியில் தண்ணீர் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மிச்சமுள்ள சீலிங் தொய்ந்து தொங்கினால் அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம், நனைந்த ஜிப்சம் பலகையின் கனம் பார்வைக்குத் தெரியாது. குழந்தைகளை அன்று இரவே நண்பர் வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ அனுப்பிவிடுங்கள். ஹோட்டல் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் போனை எடுத்து வாசலிலிருந்து ஆரம்பித்து வீடு முழுக்க ஒரே வீடியோவாக நடந்துகொண்டே எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், தரை, சீலிங். பிறகு கிட்டத்தில் போய்ச் சுவரில் தண்ணீர் ஏறிய கோடு, புடைத்த பலகை, கறை என்று படம் எடுங்கள். கடைசியாக அந்த உடைந்த குழாய்க்கு வாருங்கள், அதுதான் முக்கியமான சாட்சி. டாய்லெட் தொட்டிக்குப் போகும் அந்தக் குழாய் வெளியே எஃகுக் கம்பியால் பின்னியிருக்கும், உள்ளே ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்கும். பல வீடுகளில் கம்பிப் பின்னல் நன்றாகவே இருக்கும். தொட்டியோடு சேரும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் நட்டுதான் மயிரிழை போல விரிசல் விட்டு ஒரு நாள் சட்டென்று பிளந்திருக்கும். பிளம்பர் வந்து புதிதாக மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடத்தான் பார்ப்பார். விடாதீர்கள். கழற்றுவதற்கு முன் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள், கழற்றியதும் நட்டு, குழாய் இரண்டையும் ஒரு ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சிலவற்றில் தயாரித்த கம்பெனியின் பெயரும் தேதிக் குறியும் பொறித்திருக்கும்.

அந்தத் துண்டு இரண்டு வேலை செய்யும். பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த கசிவு இல்லை, பொருள் உடைந்துதான் தண்ணீர் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. இன்னொன்று, உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் குழாயைத் தயாரித்தவர்மேல் போய்த் தன் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அது வெற்றி பெற்றால் டிடக்டிபிளும், அதாவது சேதச் செலவில் நீங்கள் கையிலிருந்து ஏற்க வேண்டிய பங்கும், முழுதாகவோ கொஞ்சமாகவோ திரும்பி வர வாய்ப்பு உண்டு. துண்டு தொலைந்துபோனால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அடுத்து தண்ணீரை வெளியேற்றி உலர்த்துவது. அட்ஜஸ்டர் (சேதத்தைப் பார்த்துக் கணக்குப் போட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று நம் மக்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கெடு முன்பே தாண்டிவிட்டது, அது உங்கள் குற்றமில்லை. ஆனால் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

உலர்த்தும் கம்பெனிகள் 24 மணி நேரமும் வருவார்கள். இந்தத் தொழிலில் எஸ்-500 என்று ஒரு தரநிலை உண்டு, அது தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: சுத்தமான குழாய்த் தண்ணீர் முதல் வகை, சாக்கடைத் தண்ணீர் மூன்றாவது வகை. முதல் வகைத் தண்ணீரும் நாள்கணக்கில் தேங்கினால் இரண்டு, மூன்று என்று இறங்கிவிடும். உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கிய நாட்களை நினைத்தால் கார்பெட்டும் அதன் அடியில் இருக்கும் பஞ்சும் காப்பாற்றத் தேறாது என்றுதான் நினைக்கிறேன். வருபவர்கள் சுவரில் ஈரமானி வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு ஈரம் என்று நாள்தோறும் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பை நகல் கேட்டு வாங்குங்கள். எத்தனை மின்விசிறி, எத்தனை டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி), எத்தனை நாள் ஓடின என்பதை நீங்களும் எழுதி வையுங்கள், பில் வரும்போது அதை வைத்துத்தான் பேச முடியும். வெட்டி எடுத்த ஜிப்சம் பலகை, தளப்பலகை, கார்பெட் ஒவ்வொன்றிலும் கையளவு துண்டு ஒன்றைக் கராஜில் போட்டு வையுங்கள். தளம் என்ன மரம், எவ்வளவு தடிமன் என்று அட்ஜஸ்டர் கேட்கும்போது அந்தத் துண்டு பதில் சொல்லும்.

அவர்கள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் நின்று படியுங்கள். உலர்த்தும் வேலைக்கான அனுமதி என்றால் சரி. கூடவே வீட்டை மறுபடி கட்டும் வேலையும் எங்களுக்கே என்றோ, கிளெய்மின் உரிமையை எங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன் என்றோ இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். "டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கட்ட வேண்டாம்" என்று சொல்லும் கான்ட்ராக்டரை உடனே அனுப்பிவிடுங்கள். டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து அது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டைப் பழுதுபார்க்கப்போகும் கான்ட்ராக்டரே உங்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேரம் பேசுவதும் இங்கே அனுமதியில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றே போன் செய்யுங்கள், அல்லது அவர்கள் செயலியில் பதிவு செய்யுங்கள். கிளெய்ம் எண் கிடைத்ததும் எல்லா விஷயத்தையும் மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியதையும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். உங்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். ஒத்துழைப்பது உங்கள் கடமை, ஆகவே பேசுங்கள். ஆனால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "எவ்வளவு நாளாக ஒழுகுகிறது?" என்று கேட்டால், "ஒரு மாதமாக இருக்கலாம்" என்று நம் ஆட்கள் மரியாதைக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிவைப்பார்கள். அந்த ஒரு வரி கோப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான்: கிளம்பிய தேதியில் வீடு நன்றாக இருந்தது, திரும்பிய தேதியில் இப்படிக் கிடந்தது, குழாய் உடைந்திருந்தது. அதையே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

இப்போது நீங்கள் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். வீட்டில் ஆள் இல்லாதது தானாகவே கிளெய்மைக் கெடுக்காது. பாலிசிகள் "காலியான வீடு" என்று சொல்வது, சாமான்களை எடுத்துக்கொண்டு குடிபெயர்ந்துவிட்ட வீட்டை. சாமான்களோடு பூட்டிவிட்டு மூன்று வாரம் விடுமுறைக்குப் போன வீடு அந்தக் கணக்கில் வராது. குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடித்தால் கதை வேறு. ஹீட்டரை ஓடவிட்டீர்களா, இல்லை தண்ணீரை மூடிக் குழாயைக் காலி செய்துவிட்டுப் போனீர்களா என்று கேட்பார்கள். 2021 பிப்ரவரி பனிப்புயலில் மாநிலம் முழுக்க மின்சாரம் போய்க் குழாய்கள் வெடித்ததைப் பார்த்த யாருக்கும் இது நினைவிருக்கும். உங்களுடையது கோடைக்கால இழப்பு, அந்தக் கேள்வியே எழாது.

உங்கள் விஷயத்தில் எழக்கூடிய கேள்வி கசிவு பற்றியது. பல பாலிசிகளில் "வாரங்கள், மாதங்கள், வருடங்களாகத் தொடர்ந்து கசிந்த தண்ணீருக்குப் பணம் இல்லை" என்று ஒரு விலக்கு இருக்கும். சில கம்பெனிகள் 14 நாள் என்றே எண் போட்டு எழுதியிருப்பார்கள். மூன்று வாரம் வீட்டில் இல்லாத ஒருவரைப் பார்த்ததும் அட்ஜஸ்டருக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும். நட்டு பிளந்து தண்ணீர் கொட்டியதைக் கசிவு என்று சொல்வது கஷ்டம் என்பது என் கருத்து. ஆனாலும் எந்த நாளில் ஆரம்பித்தது என்று காட்ட முடிந்தால் வாதமே முடிந்துபோகும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் ஊர் நகராட்சி ஸ்மார்ட் வாட்டர் மீட்டர் வைத்திருந்தால், மணிவாரியாக எத்தனை கேலன் ஓடியது என்ற கணக்கு உங்கள் தண்ணீர் பில் கணக்கிலேயே கிடைக்கும். புல்வெளிக்குத் தண்ணீர் விடும் நேரத்தைத் தவிர மற்ற மணிகளில் பூஜ்யமாக இருந்த கணக்கு, ஒரு நாள் விடியற்காலையில் திடீரென்று ஏறி, அதன் பிறகு இறங்காமலே நிற்பதைப் பார்ப்பீர்கள். குழாய் உடைந்த மணி அதுதான். பழைய தரவு கொஞ்ச நாளில் அழிந்துவிடலாம், ஆகவே இன்றே பதிவிறக்கி வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் மாதப் பில், வாசல் கேமரா, தெர்மோஸ்டாட்டில் பதிவான ஈரப்பத அளவு, இடையில் தபாலை எடுத்து வைத்த பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு வரி மின்னஞ்சல் எல்லாமே உதவும்.

ஒருவேளை 14 நாளைத் தாண்டியது என்றே ஆனாலும் கதை முடிந்துவிடாது. புளோரிடாவில் 2018இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், 14 நாள் விலக்கு எழுதிய பாலிசியில்கூட முதல் 13 நாட்களில் ஏற்பட்ட சேதத்துக்குக் கம்பெனி பணம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டெக்சஸ் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் "எதற்குமே பணம் இல்லை" என்று கடிதம் வந்தால் அதோடு ஒப்புக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

சரி, பணம் எதற்குக் கிடைக்கும்? பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். எந்தப் படிவம் என்று அதில் இருக்கும். டெக்சஸில் ஹெச்.ஓ.-ஏ என்ற மலிவான படிவமும் விற்கப்படுகிறது, அதில் தண்ணீர் சேதத்துக்கான பாதுகாப்பு மிகக் குறைவு. மற்றபடி ஹெச்.ஓ.-3 வகை என்றால், நனைந்த சுவர், தளம், சீலிங், அலமாரி எல்லாம் உண்டு. உடைந்த அந்தக் குழாயின் விலை கிடைக்காது, அது சில டாலர்தான், விடுங்கள். ஆனால் சுவருக்குள் இருக்கும் குழாயைச் சரிசெய்யச் சுவரை உடைத்து மறுபடி பூச வேண்டியிருந்தால், அந்த உடைப்புச் செலவும் பூச்சுச் செலவும் பெரும்பாலும் உண்டு. பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து தரைவழியாக வந்த வெள்ளத்துக்கு வீட்டு பாலிசியில் எதுவும் கிடைக்காது; அது மத்திய அரசின் தனி வெள்ள இன்சூரன்ஸில் வரும். 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் ஏராளமானோர் இதைத் தெரிந்துகொண்டது தண்ணீர் வடிந்த பிறகுதான். சாக்கடை எதிர்த்து வருவதற்கும் தனியாக ஒரு சேர்ப்பு, அதாவது பாலிசியோடு இணைக்கும் கூடுதல் பாதுகாப்பு, வாங்கியிருக்க வேண்டும்.

பூஞ்சை விஷயம் தனி. 2001இல் ஆஸ்டின் பக்கத்து வீடு ஒன்றின் பூஞ்சை வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்னது. பிறகு அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது, ஆனால் அந்தக் காலத்து அதிர்ச்சியில் கம்பெனிகள் பூஞ்சைக்கு வரம்பு வைக்க ஆரம்பித்தன. இன்று பல பாலிசிகளில் பூஞ்சைக்கு 5,000 அல்லது 10,000 டாலர் என்று ஒரு சின்னத் தொகைதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. அதனால் உலர்த்தும் வேலை, நனைந்ததை இடித்து எடுப்பது, மறுபடி கட்டுவது இவற்றின் பில் ஒன்றாகவும், பூஞ்சை நீக்கும் பில் வேறாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து கெட்ட சுவரை எடுப்பது தண்ணீர் சேதம். அதில் பூஞ்சையும் பிடித்திருக்கிறது என்பதற்காக மொத்தச் செலவையும் பூஞ்சைக் கணக்கில் தள்ளினால், அந்தச் சின்ன வரம்பு ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தொடர்ச்சியாக 25 சதுர அடி அல்லது அதற்கு மேல் பூஞ்சை இருந்தால் டெக்சஸில் உரிமம் பெற்றவர்தான் நீக்க வேண்டும். ஆய்வு செய்பவரும் நீக்குபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அரசுப் படிவத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போதும், கம்பெனி மாற்றும்போதும் அந்தக் காகிதம்தான் உங்களுக்குத் துணை.

அட்ஜஸ்டர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள், முடிந்தால் நீங்கள் நம்பும் கான்ட்ராக்டரையும் கூப்பிட்டு வையுங்கள். பெரும்பாலோர் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் வரிவரியாகக் கணக்குப் போடுவார்கள். உங்கள் கான்ட்ராக்டரும் அதே மென்பொருளில் எஸ்டிமேட் கொடுத்தால் எந்த வரி விட்டுப்போயிற்று என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். வழக்கமாக விட்டுப்போகிறவை சில: சாமான்களை நகர்த்தித் திரும்ப வைப்பது, அலமாரியைக் கழற்றி மாட்டுவது, சீலிங்கின் சொரசொரப்பு வடிவத்தை மற்ற பகுதியோடு பொருத்துவது, சீலிங்குக்கு மேலே இருந்து நனைந்த இன்சுலேஷன். மரத்தளம் ஹாலிலிருந்து சாப்பாட்டறை வரை இடைவெளியில்லாமல் ஓடினால், பாதியை மட்டும் மாற்றித் திட்டுத்திட்டாக விடுவது சரியாகாது என்று படத்தோடு எழுதிக் கேளுங்கள். முதல் எஸ்டிமேட் கடைசி எஸ்டிமேட் கிடையாது. சுவரைத் திறந்த பிறகு உள்ளே புதிய சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்தி, படம் எடுத்து அனுப்பி, கூடுதல் தொகை கேட்கலாம். மூடிவிட்டுக் கேட்டால்தான் சிக்கல்.

முதல் காசோலையைப் பார்த்ததும் பலருக்கு வயிறு எரியும். கணக்கு இப்படி. மறுபடி கட்ட 38,000 டாலர் ஆகும் என்று வையுங்கள். பழைய தளத்துக்கும் பெயின்டுக்கும் தேய்மானம் 6,000 கழிப்பார்கள், மிச்சம் 32,000. வீட்டின் காப்பீட்டுத் தொகை 4,00,000, டிடக்டிபிள் 1 சதவீதம் என்றால் இன்னொரு 4,000 போகும். கைக்கு வருவது 28,000. அந்தத் தேய்மானம் 6,000 உங்களுடையதுதான், வேலையை முடித்து பில் காட்டினால் திரும்பக் கிடைக்கும், உங்கள் பாலிசி தேய்மானம் கழிக்காமல் புதிதாக மாற்றும் செலவு முழுதும் தரும் வகையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கெடு உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெக்சஸில் ஆலங்கட்டி, காற்றுக்கு 2 சதவீதம் என்று தனி டிடக்டிபிள் இருக்கும். குழாய் உடைந்ததற்கு அதைப் போட்டிருந்தால் அது பிழை, உடனே சுட்டிக்காட்டுங்கள்.

வீட்டுக் கடன் இருந்தால் கட்டடத்துக்கான காசோலையில் உங்கள் பேரோடு வங்கியின் பேரும் இருக்கும். நீங்கள் மட்டும் மாற்ற முடியாது. வங்கியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, லாஸ் டிராஃப்ட் என்பார்கள். பெரிய தொகை என்றால் அவர்கள் தவணையாக, இடையில் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் விடுவிப்பார்கள். கான்ட்ராக்டரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் வேலை நிற்கும். சாமான்களுக்கும் தற்காலிகக் குடியிருப்புக்கும் வரும் காசோலை வங்கி பேர் இல்லாமல் நேரே உங்களுக்கு வர வேண்டும்.

சாமான் கணக்கில்தான் நம் வீடுகள் மிகவும் இழக்கின்றன. சோபா, டிவி என்று எழுதிவிட்டு, அலமாரியில் நனைந்த பட்டுப்புடவைகளையும் கொலுப் பெட்டியையும் எழுத மாட்டார்கள். யாரோ வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று ஒரு கூச்சம். புரிய வைக்கலாம். ஒவ்வொரு புடவையையும் விரித்து, முந்தானையும் கரையும் தெரிய ஒரு படம், சாயம் இறங்கிய இடம் தெரிய இன்னொரு படம். கைத்தறிப் பட்டு, ஜரிகை என்று எழுதுங்கள். கடை பில் இல்லையென்றால் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு எடுத்த கல்யாணப் படம், வாட்ஸ்அப்பில் கடைக்காரரோடு பேசியது, கார்டு ஸ்டேட்மென்ட், அதே மாதிரிப் புடவை இப்போது விற்கும் இணையப் பக்கம் எல்லாம் இணையுங்கள். ஈரப் புடவையை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், டிரையரிலும் போடாதீர்கள். பிரித்து நிழலில் தனித்தனியாகக் காற்றாட விடுங்கள். துணிகளை மீட்டெடுப்பதற்கென்றே கம்பெனிகள் உண்டு, அந்தச் செலவையும் கேட்கலாம். வெட் கிரைண்டர், வீணை, பித்தளை விளக்கின் மரப் பீடம் வரை அறை அறையாக எழுதுங்கள். தஞ்சாவூர் ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: புதிதாக வாங்கும் விலையைத் தரும் சேர்ப்பு உங்களுக்கு இருந்தாலும், ஓவியம், பழம்பொருள் இவற்றைப் பல பாலிசிகள் அதிலிருந்து விலக்கியிருக்கும். எதையும் எறிவதற்கு முன் அட்ஜஸ்டர் பார்த்துவிட்டாரா, எறியலாமா என்று மின்னஞ்சலில் ஒரு வரி பதில் வாங்குங்கள்.

வீட்டில் குடியிருக்க முடியாத நாட்களுக்கான செலவும் பாலிசியில் உண்டு. அவர்கள் தருவது, வழக்கமாக நீங்கள் செலவழிப்பதற்கு மேல் ஆனதை மட்டும். மாதம் 700 டாலர் மளிகைக்கு ஆகும் குடும்பம் சமையலறை இல்லாமல் 1,500 செலவழித்தால், 800 கிடைக்கும். பள்ளிக்குக் கூடுதல் தூரம் ஓட்டியது, வெளியில் துணி துவைத்தது எல்லாம் இதில் சேரும். நீண்ட வேலை என்று தெரிந்தால் ஹோட்டலைவிட, சமையலறையோடு ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தரச் சொல்லுங்கள். சைவம் மட்டும் சாப்பிடும் வீட்டில், வயதான பெற்றோரும் கூட இருந்தால், அது நியாயமான கோரிக்கை.

காலக்கெடு உங்களுக்கு மட்டும் இல்லை, அவர்களுக்கும் உண்டு. டெக்சஸ் சட்டப்படி கிளெய்ம் கிடைத்த 15 நாளுக்குள் ஒப்புதல் அனுப்பி விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட காகிதங்கள் எல்லாம் கொடுத்த 15 வேலை நாளுக்குள் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். உண்டு என்று சொன்ன 5 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். சில சூழ்நிலைகளில் நீட்டிப்பு உண்டு. சட்டத்தை மீறித் தாமதித்தால் இது போன்ற வழக்கமான கிளெய்முக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சேரும். இந்தச் சட்டப் பிரிவை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் குறிப்பிட்டாலே பல கோப்புகள் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மறுத்தால், பாலிசியின் எந்த வரியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

தருகிறோம், ஆனால் இவ்வளவுதான் என்று தொகையில் மட்டும் தகராறு என்றால், பல பாலிசிகளில் மதிப்பீட்டு முறை ஒன்று இருக்கும்: இருவரும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் ஒருவர் முடிவு செய்வார். பப்ளிக் அட்ஜஸ்டர் என்பவர் உங்கள் தரப்பில் கிளெய்ம் நடத்துவார். டெக்சஸில் அவர் கட்டணம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெரிய, சிக்கலான இழப்புக்கு அவர் பயன்படுவார். உங்களுடையதை முதலில் நீங்களே நடத்திப் பாருங்கள், கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் நேர்மையாகவும் உங்கள் கோப்பு ஒழுங்காகவும் இருந்தால் பப்ளிக் அட்ஜஸ்டர் தேவைப்பட மாட்டார். டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையில் இணையவழி புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, கம்பெனி அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முழுக்க மறுத்து, தொகையும் பெரிதாக இருந்தால் வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான், பாலிசியில் வழக்குப் போடக் கெடு எழுதியிருக்கும், அதற்குள்.

கடைசியாக பிரீமியம். ஏறலாம். கிளெய்மே இல்லை என்பதற்காகக் கொடுத்துவந்த தள்ளுபடி போகும், அடுத்த புதுப்பிப்பில் அது தெரியும். இந்தக் கிளெய்ம், க்ளூ (CLUE) என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கும் கிளெய்ம் வரலாற்று அறிக்கையில் ஏழு வருடம் வரை இருக்கும், புதுக் கம்பெனிக்குப் போனாலும் அவர்கள் அதைப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை நீங்களும் அதை இலவசமாக வாங்கித் தப்பு இருந்தால் திருத்தலாம். சேதம் 5,000, டிடக்டிபிள் 4,000 என்றால் நானே கிளெய்ம் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆயிரம் டாலருக்காக ஏழு வருடப் பதிவு தேவையில்லை. உங்கள் வீட்டில் சீலிங் விழுந்து தளம் முழுக்கப் போயிருக்கிறது, பூஞ்சையும் வந்துவிட்டது. இது அந்தக் கணக்கில் வராது. பிரீமியத்துக்குப் பயந்து இவ்வளவு பெரிய செலவைக் கிரெடிட் கார்டில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கிளெய்ம் எண் வாங்கியதும் தண்ணீர் மீட்டர் தரவை இறக்குங்கள், பிளம்பர் வருவதற்கு முன் அந்த நட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.